பதினோராவது மாடியின் விலை

சிவஞானம் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் கட்டைவிரல் நகத்தால் சுவரை ஒரு கீறு கீறிப் பார்ப்பார். டெல்லி கன்டோன்மென்டில் ராணுவக் குடியிருப்புகள் கட்டுகிற பிரிவில் ஜூனியர் என்ஜினியராகச் சேர்ந்து முப்பது வருடத்துக்கு மேல் அதே வேலை. பூச்சு உதிர்ந்தால் காண்ட்ராக்டரின் பில் நிற்கும். அந்த நகத்துக்குப் பயந்த காண்ட்ராக்டர்கள் அவரை முதுகுக்குப் பின்னால் என்னவெல்லாமோ சொன்னார்கள். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன வீட்டிலும் அவர் கை சும்மா இருக்கவில்லை. திரும்பி வரும்போது ஆட்டோவில் மனைவி வள்ளியம்மை, "சம்பந்தம் பேச வந்தியளா, சுவரச் சொறிய வந்தியளா?" என்று கேட்டாள்.

சொந்த ஊரான கோவில்பட்டிக்குத் திரும்பிப் போகும் எண்ணம் இருவருக்குமே இல்லை. சேமநிதிப் பணத்தில் முனிர்காவில் அரசு கட்டி விற்ற டி.டி.ஏ. ஃப்ளாட் ஒன்று எப்போதோ வாங்கியிருந்தார்கள். இரண்டாயிரத்து மூன்றில் ஓய்வு பெற்ற பிறகு சிவஞானத்துக்குப் பொழுது போகவில்லை. காய்கறி வாங்குவார், பென்ஷன் சங்கத்துக்குப் போவார், கிருத்திகைக்கு மலை மந்திர் முருகன் கோயிலுக்கு ஏறுவார். அங்கேதான் பட்டாபியோடு பழக்கம்.

பட்டாபி ஏதோ ஒரு அமைச்சகத்தில் செக்ஷன் ஆபீசர். ஆர்.கே.புரத்தில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ். காலையில் இரண்டு ஆங்கிலப் பேப்பரையும் வரி விடாமல் படித்துவிட்டு வந்து, கோயில் படியில் உட்கார்ந்து அதைத் தமிழில் சொல்வார். அந்த வருடம் அவர் பேச்செல்லாம் வட்டியைப் பற்றித்தான்.

"நம்ம காலத்துல வீட்டுக் கடன்னா பதினாலு, பதினஞ்சு. இப்ப ஏழரை, சிவஞானம். ரிசர்வ் பேங்க் கொறைச்சுண்டே வரது. அமெரிக்காவுல ஒரு பர்சன்டாம். லோகம் பூரா பணம் பொழியறது."

அவருடைய பையன் அர்விந்த் ஒரு தனியார் வங்கியின் வீட்டுக் கடன் பிரிவில் இருந்தான். கடன் கொடுக்குமுன் வீட்டைப் போய்ப் பார்த்து விலை மதிப்பிட வங்கிக்கு என்ஜினியர்கள் தேவைப்பட்டார்கள். பட்டாபி சொல்லி, சிவஞானம் அந்தப் பட்டியலில் சேர்ந்தார்.

நேரு பிளேசில் அந்த அலுவலகம். ஏ.சி. குளிரில் டை கட்டிய பையன்களும் பெண்களும் ஒரே நேரத்தில் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு பித்தளை மணி தொங்கியது. ஒரு கடன் பாஸானால் அதை வாங்கிக்கொடுத்தவன் எழுந்து போய் மணியை அடிக்க வேண்டும், மற்றவர்கள் கை தட்ட வேண்டும். சிவஞானம் உட்கார்ந்திருந்த கொஞ்ச நேரத்தில் பல தடவை அடித்தார்கள். கடன் வாங்கியவன் இருபது வருடம் கட்டப் போகிறான், இவர்கள் இங்கே பிறந்தநாள் கொண்டாடுகிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. மேஜை ஓரத்தில் பாதி தின்ற கேக் ஒன்று கிரீம் அப்பிக் கிடந்தது.

அர்விந்துக்கு இருபத்தாறு வயது இருக்கும். டெல்லியில் பிறந்து வளர்ந்தவன். தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது.

"அங்கிள், சிம்பிள். ஆர்.பி.ஐ. பைசாவை சஸ்தா, மலிவா பண்ணிட்டாங்க. எங்ககிட்ட டெபாசிட் குவிஞ்சு கிடக்கு. சும்மா வெச்சிருந்தா பேங்குக்கு நஷ்டம். யாருக்காவது கொடுத்தே ஆகணும். அவ்ளோதான்."

"வாங்குறவன் கட்டுவானான்னு பாக்க மாட்டிகளா, தம்பி?"

"கட்டலைன்னா ஃப்ளாட் இருக்கே. ரேட் ஏறிட்டேதானே இருக்கு. டென்ஷன் மத் லோ, அங்கிள், கவலையே வேண்டாம்."

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. கட்டி முடித்த வீடுகள், குடியேறக் காத்திருக்கும் குடும்பங்கள். சிவஞானம் அளந்தார், கீறினார், எழுதினார். வள்ளியம்மை அந்த வருமானத்தில் புது கிரைண்டர் வாங்கினாள். அடுத்த குளிர்காலத்துக்குள் கட்டி முடித்த வீடுகள் தீர்ந்துபோயின. இப்போது அவரை அனுப்பியதெல்லாம் நொய்டாவைத் தாண்டிய கடுகு வயல்களுக்கு. வயலுக்கு நடுவே பெரிய போர்டு இருக்கும். அதில் நீச்சல் குளத்தின் கரையில் வெள்ளைக்காரக் குழந்தைகள் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படிப்பட்ட இடத்தில் ஷாமியானாப் பந்தல் போட்டு விற்பனைத் திறப்பு விழா. சிவஞானத்தையும் அழைத்திருந்தார்கள். ஜிலேபி சுடுகிற அடுப்புக்குப் பக்கத்திலேயே வங்கியின் கவுண்டர். ஒரு கையில் பனீர் தட்டும் இன்னொரு கையில் செக் புத்தகமுமாக ஜனங்கள் முண்டியடித்தார்கள். சட்டைக் காலரில் குழம்பு சொட்டியது தெரியாமல் ஒருவர், "மேரா பெஹ்லே, மேரா பெஹ்லே" என்று தன்னுடையதை முதலில் வாங்கச் சொல்லி ஃபாரத்தை நீட்டினார். புரோக்கர்கள் அங்கேயே வாங்கி அங்கேயே விற்றார்கள். காலையில் ஒரு விலை, சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு விலை. குடியிருக்கப் போவதாகச் சொன்ன ஒருவரையும் சிவஞானம் அங்கே பார்க்கவில்லை. ஷாமியானாவுக்குப் பின்னால் எச்சில் தட்டுகள் குவிந்து, நாய்கள் இழுத்துக்கொண்டிருந்தன. அவர் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறினார்.

சில மாதம் கழித்து அதே இடத்தில் ஒரு ஃப்ளாட்டுக்கு மதிப்புப் போடச் சொன்னார்கள். பதினோராவது மாடி. போய்ப் பார்த்தால் ஆறு தளம்தான் எழும்பியிருந்தது. தூணில் நகத்தை வைத்தார். மணல் பொலபொலவென்று உள்ளங்கையில் கொட்டியது. அன்று எழுதிய அறிக்கையில் விலைக்கான இடத்தை வெறுமையாக விட்டார். மறுநாளே அர்விந்த் போன் செய்தான்.

"அங்கிள், வேல்யூ ஏன் ப்ளாங்க்கா இருக்கு?"

"அங்கன மாடியே இல்ல தம்பி. ஆறுக்கு மேல ஆகாசந்தான் இருக்கு."

"வந்துடும் அங்கிள். மார்க்கெட் ரேட் போடுங்க."

"மார்க்கெட் ரேட்டுன்னா எது?"

"பக்கத்து டவருக்கு நீங்களேதானே போட்டீங்க, சதுர அடிக்கு ஆயிரத்து எண்ணூறு. அந்த ரேட்டை வெச்சு நாங்க லோன் கொடுத்தோம். லோன் கிடைச்சதால அந்த ரேட்ல வித்துச்சு. இப்ப அதுதான் மார்க்கெட். இதுக்கு அதைவிடக் கொஞ்சம் மேல போடணும், அவ்ளோதான்."

சிவஞானம் அந்த விலை வந்த வழியைப் பின்னோக்கிப் போய்ப் பார்த்தார். ஆயிரத்து எண்ணூறு என்று அவர் எழுதியது, அதற்கு முந்தின வீடு ஆயிரத்து அறுநூறுக்கு விற்றதைப் பார்த்து. அது அப்படி விற்றது, இன்னொரு வங்கி அத்தனைக்குக் கடன் கொடுத்ததால். அந்த வங்கி கொடுத்தது, வேறொரு என்ஜினியர் அதற்கும் முந்தின விலையைப் பார்த்து எழுதியதால். ஒருவன் தோளில் ஒருவன் ஏறி நின்றுகொண்டிருக்கிறான், தன் தோளிலும் எவனோ நிற்கிறான். செங்கல்லும் சிமென்டும் கூலியும் அந்த விலையில் எங்கே என்று அவர் தேடிப் பார்த்தார். எங்கேயும் இல்லை. வட்டி மலிந்ததைத் தவிர அந்த விலைக்கு அடியில் எதுவுமே இல்லை. சாக்கடை மூடியில் தெரியாமல் கை வைத்துவிட்டது போல் இருந்தது.

"யாரு வாங்குதா இந்த வீட்ட?" என்று கேட்டார்.

அர்விந்த் சிரித்தான். "நான்தான் அங்கிள். அப்பாவும் கூடச் சேர்ந்து கையெழுத்து, கோ-அப்ளிகன்ட். அப்பாகிட்டச் சொல்லிடாதீங்க, கட்டடம் இன்னும் ஆறு மாடிதான்னு. அவர் பழைய ஆளு, பயந்துடுவார்."

அடுத்த கிருத்திகையன்று சிவஞானம் படியிலேயே பட்டாபியைப் பிடித்தார். சுற்றி வளைக்கவில்லை. "சார், அர்விந்த் வாங்குறது நான் பாத்த இடம். தூணுல மண்ணு கொட்டுது. அதுல கையெழுத்துப் போடாதிய. மூணு வருசத்துல ரிட்டயர் ஆகப் போறிய."

பட்டாபி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கையெழுத்து போட்டாச்சு. நீங்க பழைய கால என்ஜினியர், சிவஞானம். இன்னும் செங்கல்லை எண்ணிண்டிருக்கேள். பணத்தை இவ்வளவு மலிவா விட்டிருக்கான்னா ரிசர்வ் பேங்க்ல இருக்கறவா யோசிக்காமலா விட்டிருப்பா? குழந்தை முன்னுக்கு வரான். அதை ஏன் தடுக்கணும்?"

அதற்குப் பிறகு பட்டாபி படியில் வேறு பக்கமாக உட்கார ஆரம்பித்தார். சிவஞானத்துக்கு வங்கியிலிருந்து வேலை வருவது நின்றது. பதினோராவது மாடிக்கு வேறொரு என்ஜினியர் சதுர அடிக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் போட்டுக் கையெழுத்திட்டார்.

வள்ளியம்மைக்கு இது பிடிக்கவில்லை. "நீங்க ஒருத்தர் எழுதலைன்னா கட்டடம் கட்டாம நின்னுருமாக்கும்?"

"நிக்காது."

"பொறவு?"

"எனக்குக் குமட்டுது வள்ளி. அம்புட்டுத்தான்."

அடுத்த இரண்டு வருடமும் நாடே அர்விந்தைச் சரி என்றது. முதல் ஃப்ளாட்டைக் காட்டி மேற்கொண்டு கடன் வாங்கி இரண்டாவதை வாங்கினான். இரண்டாவதை வைத்து மூன்றாவது. எல்லாவற்றிலும் அப்பாவின் கையெழுத்து இருந்தது. பெரிய கார் வந்தது. கோயிலில் அன்னதானத்துக்கு எழுதிவைத்தான். ரிட்டயரானவர்கள் அவனைச் சுற்றி நின்று, தங்கள் பி.எஃப். பணத்தை எங்கே போடலாம் என்று கேட்டார்கள். அவன் கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே பதில் சொன்னான். தூரத்தில் நின்று இதைப் பார்க்கும்போது சிவஞானத்துக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் ஒருநாள் அவரே பேப்பரின் ஓரத்தில், தான் அன்று ஒரு ஃப்ளாட் வாங்கியிருந்தால் இன்றைக்கு எவ்வளவு ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். தொகையைப் பார்த்ததும் நாக்கில் ஜலம் ஊறியது. அந்தத் துண்டைக் கிழித்துச் சுருட்டிக் குப்பையில் போட்ட பிறகும் வெகுநேரம் தன்னைத் தானே அவருக்குப் பிடிக்கவில்லை.

பிறகு விலைவாசி ஏறுகிறது என்று ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்றத் தொடங்கியது. ஏழரை ஒன்பதாயிற்று, பத்தரையாயிற்று, இரண்டாயிரத்து எட்டில் பன்னிரண்டைத் தொட்டது. அர்விந்தின் கடன்கள் எல்லாம் வட்டியோடு சேர்ந்து ஏறுகிறவை. மாதத் தவணை வீங்கியது. விற்றுவிடலாம் என்றால் வாங்க வருகிறவனுக்கும் அதே வட்டிதானே. புரோக்கர்கள் போனை எடுக்கவில்லை. எட்டாவது தளத்தோடு பில்டர் வேலையை நிறுத்திவிட்டு, வாங்கிய பணத்தை வேறெங்கோ நிலத்தில் போட்டிருந்தான். அந்தத் தீபாவளிக்கு முன்னால் அமெரிக்காவில் பெரிய வங்கி ஒன்று விழுந்தது. இங்கே நேரு பிளேசில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அர்விந்தும் அதில் ஒருவன்.

ஒருநாள் காலை பட்டாபி முனிர்காவுக்கு வந்தார். வள்ளியம்மை கொடுத்த காபியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு தடவை வந்து பார்த்து, என்ன விலைக்குப் போகும்னு சொல்லணும். நீங்க சொன்னா நான் நம்பறேன்."

சிவஞானம் அவரோடு பஸ்ஸில் போனார். எட்டாவது தளத்துக்கு மேல் கம்பிகள் துருப்பிடித்து வளைந்து நின்றன. நீச்சல் குளத்துக்குத் தோண்டிய குழியில் பச்சைத் தண்ணீர் தேங்கி, செத்த பன்றி ஒன்று ஊதி மிதந்தது. நாற்றம் தாங்காமல் பட்டாபி துண்டு நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பதினொண்ணாவது மாடி எங்க?" என்று கேட்டார். சிவஞானம் மேலே கையைக் காட்டவில்லை.

"நிலத்துல உங்க பங்குக்கு என்ன வருமோ அதுதான் சார் விலை. கடன்ல கால்வாசிகூடத் தேறாது."

"அப்ப அந்த என்ஜினியர் எழுதினது?"

"அது காயிதம்."



அடுத்த ஞாயிறு வசூல்காரர்கள் ஆர்.கே.புரத்துக்கே வந்துவிட்டார்கள். பட்டாபியின் மனைவி ருக்மிணி போன் செய்ததால் சிவஞானமும் போயிருந்தார். மூன்று பேர். ஷூவோடு உள்ளே வந்து சோபாவில் காலை அகட்டி உட்கார்ந்திருந்தார்கள். வாயில் குட்கா. வங்கியின் பெயர் போட்ட கார்டு ஒருவன் கழுத்தில் தொங்கியது. அர்விந்த் வீட்டில் இல்லை, நண்பன் வீட்டில் ஒளிந்திருந்தான். அவர்களுக்கு அவன் தேவையாகவும் இல்லை.

"கையெழுத்து உங்களுடையது, பாபுஜி" என்று இந்தியில் பட்டாபியிடம் சொன்னான் ஒருவன். "திங்கட்கிழமை உங்கள் ஆபீசுக்கு வருகிறோம். உங்கள் செக்ஷன் பையன்களிடம் பேசுகிறோம்."

இன்னொருவன் ஜன்னலைத் திறந்து, கீழே புல்வெளியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தவர்களுக்குக் கேட்கும்படி, இந்த வீட்டில் திருடர்கள் இருக்கிறார்கள் என்று கத்தினான். அங்கே ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ருக்மிணி சமையலறை வாசலில் நின்றவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

போகும்போது கார்டு போட்டவன் மாடிப்படிச் சுவரில் குட்கா எச்சிலைத் துப்பினான். வெள்ளைச் சுவரில் அது சிவப்பாக வழிந்தது. சிவஞானம் உள்ளே போய் வாளியில் தண்ணீரும் துணியும் எடுத்து வந்து அவன் முன்னால் வைத்தார்.

கழுவச் சொல்லி, "தோ லோ" என்றார். காண்ட்ராக்டர்களிடம் முப்பது வருடம் பேசிய குரல் அது.

அவன் வாளியைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், சிரித்துக்கொண்டே இறங்கிப் போனான். சிவஞானம்தான் குந்தி உட்கார்ந்து கழுவினார். கறை முழுதாகப் போகவில்லை. அடுத்த வீட்டுக் கதவு கொஞ்சம் திறந்து மூடிக்கொண்டது.

பட்டாபி மார்ச்சில் ரிட்டயரானார். வந்த பணம் முழுக்கவும், பென்ஷனில் முன்கூட்டி வாங்கிக்கொண்ட பங்கும், ருக்மிணியின் நகைகளும் கடனுக்குப் போயின. ஸ்ரீரங்கத்தில் வீடு பார்த்து வைத்திருந்தார்கள், அட்வான்ஸைத் திருப்பி வாங்கினார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, முனிர்கா கிராமத்துச் சந்துக்குள் மூன்றாவது மாடியில் இரண்டு அறைக்குக் குடிவந்தார்கள். வெயில் படாத வீடு. சிவஞானம் போய்ப் பார்த்தபோது கை தானாகச் சுவருக்குப் போனது, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அதே மாதத்தில் அவருக்கு ஒரு போன் வந்தது. பழைய வங்கிதான், புதுப் பையன். ரிசர்வ் வங்கி மறுபடி வட்டியைத் தடாலடியாகக் குறைத்துவிட்டதாம், எட்டு பர்சன்டுக்குப் புதுத் திட்டமாம், அனுபவமுள்ள என்ஜினியர்கள் வேண்டுமாம்.

"பாதியில் நிற்கிற கட்டடமெல்லாம் என்ன ஆயிற்று?" என்று சிவஞானம் இந்தியில் கேட்டார்.

"அதெல்லாம் ரேட் குறைந்ததும் திரும்ப ஓட ஆரம்பித்துவிடும், சார். பாருங்கள், ஏற்கெனவே விலை எழும்புகிறது."

வயிற்றுப்போக்குக்கு மறுபடியும் அதே ஜிலேபியைக் கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அவர் போனை வைத்தார்.

மழைக்காலத்தில் ஒரு மாலை பட்டாபி வீட்டுக்குப் போனபோது ருக்மிணி முகத்தில் வெகுநாள் கழித்துச் சிரிப்பு இருந்தது. ரவா கேசரி கிளறியிருந்தாள். "அர்விந்துக்கு வேலை கிடைச்சுடுத்து. வேற பேங்க். மேனேஜர்னே போட்டிருக்கா."

"சந்தோசம் மாமி" என்று சிவஞானம் தட்டை வாங்கிக்கொண்டார்.

அர்விந்தும் வீட்டில்தான் இருந்தான். இளைத்திருந்தான், ஆனால் டை புதிது. ஸ்டூலை இழுத்துப்போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தான்.

"எந்த டிபார்ட்மென்ட் தம்பி?"

"கலெக்ஷன்ஸ், அங்கிள். கடன் வசூல். இப்ப அதுலதான் ஓப்பனிங். டிஃபால்ட் நிறைய ஆயிடுச்சு, ஆளுங்க அட்ரஸ் மாத்திட்டு ஓடிடறாங்க." அவன் குரலைத் தாழ்த்தினான். "முனிர்காவுல நம்ம தமிழ்க்காரங்க நிறைய பேர் இருக்காங்க, இல்லையா? உங்களுக்கு எல்லாரையும் தெரியும். யாராவது லோன் கட்டாம வந்து செட்டில் ஆகியிருந்தா எனக்குச் சொல்லுங்க. நம்ம பசங்கதான் போவாங்க, டீசன்ட்டா பேசுவாங்க. உங்களுக்கும் ஏதாவது பண்றேன்."

சிவஞானம் பட்டாபியைப் பார்த்தார். பட்டாபி பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார். ருக்மிணி உள்ளே இருந்து இன்னும் கொஞ்சம் கேசரி கொண்டு வந்தாள்.

"போதும் மாமி" என்று தட்டை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு எழுந்தார். "அன்னைக்கு உங்க அம்மா தரையில உக்காந்தாங்களே, நீ பாக்கலல்லா" என்றார் அர்விந்திடம். அவன் புரியாமல் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அதற்குள் அவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

வீட்டில் வள்ளியம்மை தோசைக்கல்லைப் போட்டிருந்தாள். "அந்தப் பையனுக்கு வேலை கெடச்சிருச்சாமே, நல்லதுதான?"

அவர் வாஷ்பேசினில் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். "இன்னிக்கு எனக்கு தோசை வேண்டாம் வள்ளி. மோர் மட்டும் தா" என்றார்.